வெள்ளம் வரும்போது இணைத்தலைவர் எங்கே?

மணக்குடியில் பழையாறு கடலோடு சேரும் இடத்தில், அலை மணலைக் கொண்டுவந்து குவித்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். அந்த மணல்திட்டைத்தான் இந்தக் கரையில் பொழி என்கிறார்கள். மேலே மழை வலுக்கும்போது பொழியை வெட்டிவிடாவிட்டால் ஆற்றுத் தண்ணீர் போக வழியில்லாமல் பின்னேறி வயலுக்குள் வரும். அவசரப்பட்டு முன்னாலேயே வெட்டினால் கடல்நீர் உள்ளே ஏறி வயலும் கிணறும் உப்பாகும். காயலை நம்பி வலை போடுகிறவர்களுக்கும் அதில் ஒரு கணக்கு உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு அகலத்துக்கு வெட்டுவது என்பதைப் பொறியாளர் சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றும். ஆனால் இதில் ஒருவர் நஷ்டப்பட்டுத்தான் இன்னொருவர் தப்ப முடியும். யார் நஷ்டப்படுவது என்று தீர்மானிக்கிற வேலையை ஊர் உலகத்தில் அரசியல் என்றுதான் சொல்வார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்து வெள்ளம் முழுக்க இப்படிப்பட்ட சின்னச் சின்ன முடிவுகளால் ஆனது. மகேந்திரகிரியின் உச்சி ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேல். அங்கிருந்து மணக்குடிக் கரை நாற்பது கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிறது. காவிரியில் வெள்ளம் என்றால் மேட்டூர் நிரம்புவதைப் பார்த்துவிட்டுக் கீழே இருப்பவர்கள் தயாராகக் கொஞ்சம் நாள் கிடைக்கும். பழையாற்றிலும் வள்ளியாற்றிலும் அந்த அவகாசம் கிடையாது. மலையில் இரவு கொட்டியது விடியும்போது ஒழுகினசேரி பாலத்தடியில் நிற்கும். போதாக்குறைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. கன்னிப்பூ நெல் ஒரு மழையை நம்பி, கும்பப்பூ நெல் இன்னொரு மழையை நம்பி. வெள்ளமும் ஆண்டுக்கு இரண்டு முறை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

இந்தத் தண்ணீரை ஆள்வதற்கு இங்கே ஆயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. பறளியாற்றுத் தண்ணீரைத் திருப்பி நாஞ்சில் நாட்டுக்குக் கொண்டுவந்த பாண்டியன் கால் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது பேச்சிப்பாறை அணை. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை இன்றும் அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு பெருஞ்சாணி, சிற்றாறு ஒன்றும் இரண்டும் வந்தன. அணைத் தண்ணீர் புத்தன் அணை வழியாகப் பிரிந்து தோவாளை சானல், அனந்தனார் சானல் என்று ஓடி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களுக்குப் போகிறது. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. மேலே ஒரு குளம் உடைத்துக்கொண்டால் கீழே வரிசையாக எத்தனை கரை நிற்கும், எத்தனை போகும் என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தலைநகரத்தில் உட்கார்ந்து படத்தில் பார்க்கிறவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை.

இப்போது இந்தச் சங்கிலியின் கண்ணிகள் யார் யார் கையில் இருக்கின்றன என்று பாருங்கள். அணையும் சானலும் நீர்வளத்துறை. நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளம் அதே துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்பது தமிழகத்தின் பொது வழக்கம். அதே குளத்தின் மீன்பாசிக்கு ஒரு குத்தகை. தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் தாமரைக்கு இன்னொரு குத்தகை. சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறின. அதனால் பறவைக்கு ஒரு துறை. சாலை குறுக்கே போனால் நெடுஞ்சாலை, தண்டவாளம் போனால் ரயில்வே. குளத்தில் தண்ணீர் நிறுத்த வேண்டும் என்பவருக்கும், திறந்துவிட வேண்டும் என்பவருக்கும், மறுகாலை அடைத்து மீனைக் காப்பாற்றப் பார்க்கிறவருக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் யார்? ஊராட்சி ஒன்றியத்தைத் தவிர இத்தனை துறைகளில் ஒன்றுகூட அந்த ஊர் ஓட்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதில்லை.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1992 நவம்பரில் தென்கோடி மாவட்டங்களைப் பெருவெள்ளம் புரட்டிப்போட்டது. அடுத்த மாதமே, டிசம்பர் 22, 23 தேதிகளில், நாடாளுமன்றம் அரசமைப்பின் 73, 74-ஆவது திருத்தங்களை நிறைவேற்றியது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, தற்செயல்தான். ஆனால் 73-ஆவது திருத்தம் சேர்த்த 11-ஆவது அட்டவணையின் 29 பொருள்களில் மூன்றாவது சிறுபாசனம், நீர் மேலாண்மை, நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடு. ஊராட்சிகளின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும் என்கிறது 243-இ பிரிவு. பிறகு 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 25-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் மேலாண்மை ஆணையம் உண்டு. தலைவர் ஆட்சியர். இணைத்தலைவர், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட ஊராட்சித் தலைவர். ஆட்சியர் மாறுதலில் வந்தவர். அவருக்குப் பக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் சமமாக உட்கார வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். நல்ல நினைப்பு.

அந்த நாற்காலியில் ஆள் இருந்த வரலாற்றைப் பார்ப்போம்.

2016 அக்டோபர் 24-ஆம் தேதியோடு தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. இடஒதுக்கீட்டு வழக்கில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, பிறகு இன்னொரு வழக்கு என்று மூன்று ஆண்டுகள் ஓடின. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தைத் தாக்கியபோது கன்னியாகுமரியில் ஒரு ஊராட்சித் தலைவர்கூட இல்லை. பேரூராட்சித் தலைவர், நகர்மன்றத் தலைவர், மாவட்ட ஊராட்சித் தலைவர், ஒருவரும் இல்லை. கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர், திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்று அரசு ஒரு எண்ணும் கடற்கரை ஊர்கள் வேறொரு எண்ணும் சொல்லிக்கொண்டிருந்தன. வீடு வீடாகப் பெயர் சேர்த்தது கத்தோலிக்கப் பங்குகள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி மக்கள் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல், டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் போய் உட்கார்ந்தார்கள். தண்டவாளத்தில் உட்கார்ந்தால்தான் முதலமைச்சர் காதுக்கு எட்டும் என்ற நிலையை நிர்வாகக் கோளாறு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. ஊரில் கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் கோபம் முதலில் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போயிருக்கும். ஜனநாயகத்தில் அந்தத் திண்ணைக்கு ஒரு வேலை இருக்கிறது.

ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்தது. கன்னியாகுமரி அவற்றில் ஒன்று. 2020 ஜனவரி 6-இல் பதவியேற்றார்கள். ஆனால் இந்த மாவட்டத்தின் அமைப்பு விசித்திரமானது. அப்போது கிராம ஊராட்சிகள் 95 என்றால் பேரூராட்சிகள் ஐம்பதுக்கு மேல். வயலும் குளமும் தென்னந்தோப்புமாகக் கிடக்கும் ஊர்களில் பல, சட்டத்தின் கண்ணில் நகர்ப்புறம். நகர்ப்புறத் தேர்தலோ அப்போதும் நடக்கவில்லை. 2021 நவம்பர் 12, 13 தேதிகளில் கொட்டித் தீர்த்த மழையில் குளங்கள் உடைந்தன, சானல்கள் உடைந்தன, நாகர்கோவில்–திருவனந்தபுரம் பாதையில் மண் சரிந்தும் தண்ணீர் தேங்கியும் ரயில்கள் நின்றன. மூன்றாம் நாள் முதலமைச்சர் நேரில் வந்து பார்த்தார். அன்றைக்குப் பேரூராட்சிகளில் கவுன்சிலர்கள் இல்லாமல் ஐந்து ஆண்டு முடிந்திருந்தது. 2019-இல் மாநகராட்சியான நாகர்கோவிலுக்கு முதல் மேயரே இன்னும் வரவில்லை. அவர் வந்தது 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகுதான்.

ஊரகமும் நகர்ப்புறமும் ஒருசேர ஆள் நிரம்பியிருந்த காலம் 2022 மார்ச் முதல் 2025 ஜனவரி 5 வரை. மூன்று ஆண்டுகூட முழுதாக இல்லை. இங்கே சொல்லும் பெருவெள்ளங்களில் 2023 டிசம்பர் வெள்ளம் மட்டும் அந்த இடைவெளியில் வந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊரகப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். அந்த ஆண்டின் இரண்டு பருவமழையையும் மாவட்டம் இணைத்தலைவர் இல்லாமலே கடந்தது. நாற்காலி காலியானபோது முதல் தடவை அ.தி.மு.க. ஆட்சி, இரண்டாம் தடவை தி.மு.க. ஆட்சி. காரணங்கள் ஒவ்வொரு முறையும் சட்டப்படி சரியாகவே இருந்தன. வரையறை, இடஒதுக்கீடு, ஊர்களை நகரத்தோடு இணைப்பது. ஐந்து ஆண்டு முன்பே தெரிந்த தேதிக்கு ஐந்து ஆண்டிலும் தயாராக முடியவில்லை என்பதற்கு மட்டும் காரணம் சொல்லப்படவில்லை.

இந்த இடத்தில் தாய்லாந்தைக் கொஞ்சம் பார்க்கலாம். அரசமைப்பும் வெள்ளமும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொள்ளும் என்பதற்கு அதைவிடத் தெளிவான நாடு பக்கத்தில் இல்லை. 1997-இல் அவர்கள் எழுதிய அரசமைப்பை மக்கள் அரசமைப்பு என்றே சொல்வார்கள். அதன் வழியில் வந்த 1999-ஆம் ஆண்டுச் சட்டம், 2006-க்குள் அரசு வருவாயில் 35 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போக வேண்டும் என்றது. 2006-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கட்டாய அளவு 25 சதவீதமாக இறங்கி, 35 வெறும் இலக்காகிவிட்டது. 2011-இல் பெருவெள்ளம். 65 மாகாணங்களில் தண்ணீர், எண்ணூறுக்கு மேல் சாவு, உலக வங்கிக் கணக்கில் 1.43 லட்சம் கோடி பாட் இழப்பு. அயுத்தயா பக்கத்துத் தொழிற்பேட்டைகள் வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. பிரதமர் யிங்லக் ஷினவத்ரா ஒரு கட்சி, பாங்காக் ஆளுநர் சுகும்பந்த் பரிபத்ரா எதிர்க்கட்சி. நாட்டிலேயே மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆளுநர் பாங்காக்குக்கு மட்டும்தான். மற்ற மாகாணங்களுக்கு உள்துறை அமைச்சகம் ஆளை அனுப்பும். ஆகவே பாங்காக்கின் உள்நகரத்துக்காகப் பேச ஒரு குரல் இருந்தது, பக்கத்துப் பதும் தானிக்கு அப்படி ஒரு குரல் இல்லை. நடுநகரம் காய்ந்து கிடக்க, வெளிநகரம் மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றது. க்ளோங் சாம் வா மதகை உயர்த்தச் சொல்லி அந்தப் பக்கத்து மக்கள் கரையையே வெட்டத் தொடங்கினார்கள். அரசு இறங்கி வந்தது. குழித்துறைத் தண்டவாளமும் அந்த மதகும் ஒரே கதைதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். முப்பத்தைந்தாயிரம் கோடி பாட் செலவில் பெரும் நீர்த்திட்டம் ஒன்றை அரசு அறிவித்தது. மக்களிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது என்று 2013-இல் நிர்வாக நீதிமன்றம் அரசமைப்பைக் காட்டித் தடுத்தது. 2014-இல் மறுபடி ராணுவம். உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 2016 அக்டோபரில் பாங்காக் ஆளுநரையும் ஒரே ஆணையில் நீக்கினார்கள். அதே அக்டோபரில்தான் நம்மூர் ஊராட்சிகளும் காலியாயின. மாகாண அளவில் அவர்களுக்கு மறுபடி தேர்தல் நடந்தது 2020 டிசம்பரில்; நம் மாவட்டத்து ஊரகத் தேர்தலுக்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்து. பாங்காக் தன் ஆளுநரைத் தேர்ந்தெடுத்தது 2022 மே மாதத்தில். நாகர்கோவில் தன் முதல் மேயரைப் பார்த்து இரண்டு மாதம் கழித்து. அங்கே ராணுவம் பீரங்கி வண்டியை வைத்துக்கொண்டு செய்ததை இங்கே கோப்புகளை வைத்துக்கொண்டு செய்துமுடிக்க ஏறக்குறைய அதே காலம்தான் பிடித்திருக்கிறது. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. இங்கே நீதிமன்றம் இருக்கிறது, பத்திரிகை எழுதலாம், அடுத்த சட்டமன்றத் தேர்தல் தேதி தவறுவதில்லை. ஆனால் பறக்கைக் குளத்தங்கரையில் நிற்கிறவருக்கு இரண்டு வழியிலும் கிடைத்தது ஒரே காலி இடம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் நெருக்கமான கண்ணாடி. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. 1956 நவம்பர் 1 வரை இரண்டும் ஒரே அரசின் கீழ். நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தால் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழகத்தோடு சேர்ந்தன. சேர்ந்தது சரி, அதில் இந்தக் கட்டுரையாளருக்குக் கடுகளவும் வருத்தமில்லை. ஆனால் பாறசாலை ஊராட்சியில் 2015, 2020, 2025 என்று ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடந்திருக்கிறது. 2020-இல் கொரோனா காலம், அப்போதும் நடத்தினார்கள். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிக்குப் போனது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு அங்கே ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் ஊருக்கான பேரிடர்த் திட்டத்தைத் தானே எழுத வேண்டும் என்று வைத்தார்கள். கேரளத்தில் வெள்ளம் வராமல் போய்விடவில்லை. வயநாட்டில் 2024-இல் மலையே சரிந்தது. எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று சொல்ல அங்கே வார்டு உறுப்பினர்கள் இருந்தார்கள்.

தமிழகத்தின் அரசியல் பேச்சில் வெள்ளமும் அரசமைப்பும் சேர்ந்து வருவது ஒரே திசையில்தான்: சென்னையிலிருந்து டெல்லி நோக்கி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. வானிலை ஆய்வு மையம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றது மாநிலம், சொன்னோம் என்றது ஒன்றியம். தேசியப் பேரிடராக அறிவிக்கும் வழக்கமே இல்லை என்றார் நிதியமைச்சர். அதே மாதத்து மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்குமாக மாநிலம் கேட்டது சுமார் 38 ஆயிரம் கோடி ரூபாய். வந்தது அதில் சிறு பங்கு. 2024-இல் 131-ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் வழக்கே தொடுத்தார்கள். 2025 ஏப்ரலில் ஒன்றிய–மாநில உறவை ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு. 1969-இல் ராஜமன்னார் குழு அமைத்த மாநிலம் இது. அந்த மரபு பெருமைக்குரியது. கேட்ட பணமும் நியாயமானது.

ஆனால் டெல்லி, சென்னையை எப்படி நடத்துகிறதோ அப்படித்தான் சென்னை, நாகர்கோவிலை நடத்துகிறது. மாநிலத்துக்கு எதை மறுப்பது அநீதி என்கிறோமோ, அதையே ஊராட்சிக்கு மறுக்கும்போது அதற்குப் பெயர் நிர்வாக வசதி. இதில் கொடுமை என்னவென்றால், தேர்தல் நடக்காத காலத்தில் நிதி ஆணையம் வழியாக உள்ளாட்சிக்கு வர வேண்டிய மானியத்தை ஒன்றியம் நிறுத்திவைக்கிறது. தேர்தல் நடத்தாதது மாநிலம். பணத்தை இழந்தது திருப்பதிசாரமும் தூத்தூரும். குற்றவாளி ஒருவர், அபராதம் இன்னொருவருக்கு.

அரசமைப்பில் பேரிடர் என்ற சொல் ஏழாவது அட்டவணையின் எந்தப் பட்டியலிலும் இல்லை. சமூகப் பாதுகாப்பு என்ற பொதுப்பட்டியல் இனத்தைப் பிடித்துக்கொண்டுதான் 2005-ஆம் ஆண்டுச் சட்டமே நிற்கிறது. இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் பேரிடரைப் பொதுப்பட்டியலில் தனியாகச் சேர்க்கச் சொன்னது. அதைச் செய்தால் டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் வழக்கில் ஒரு பக்கம் தீரும். அதைவிட அவசரமான வேலை 11, 12-ஆவது அட்டவணைகளில் இருக்கிறது. நகரங்களுக்கான 12-ஆவது அட்டவணையில் 18 பொருள்கள். தீயணைப்பு அதில் உண்டு, வெள்ளம் இல்லை. ஊராட்சிகளுக்கு அதிகாரம் தரும் 243-ஜி, மாநிலச் சட்டமன்றம் ‘தரலாம்’ என்கிறதே ஒழிய ‘தர வேண்டும்’ என்று சொல்லவில்லை. அந்த ஒரு தளர்வில் முப்பது ஆண்டு ஓடிவிட்டது. இதற்கு நேர் எதிராகப் போகிறது 2025-இல் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத் திருத்தம். மாநகராட்சிகளுக்கு இனி தனியாக நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்கலாம். தலைவர் மாநகராட்சி ஆணையர், துணைத் தலைவர் மாவட்ட ஆட்சியர். நாகர்கோவிலும் மாநகராட்சிதான். ஓட்டு வாங்கிய மேயருக்கு அதில் ஒரு நாற்காலியைச் சட்டம் பெயர் சொல்லிப் போடவில்லை. மாநில உரிமை பேசுகிற நம் கட்சிகள் இந்த இடத்தில் உரக்கச் சத்தம் போட்டதாகக் காதில் விழவில்லை.

எதிர்வாதம் உண்டு, சாதாரணமானதும் இல்லை. குளத்தை ஆக்கிரமித்தவர்களில் உள்ளூர் அரசியல்வாதிகள் இல்லையா? நெல்வயலான ஏலாவை மேடாக்கி வீட்டுமனை போட்டவர்களுக்கு ஊராட்சி அனுமதி கொடுக்கவில்லையா? செட்டிகுளம் என்றால் நாகர்கோவிலில் இன்று பேருந்து நிற்கும் சந்திப்பு. பெயரில் குளமிருந்து தரையில் குளமில்லாத இடங்கள் மாவட்டம் முழுக்க உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் இருந்தும் 2025 நவம்பரில் தாய்லாந்தின் ஹாட் யாய் மூழ்கியது. பழைய நாட்டுக்கூட்டங்களைப் புகழ்ந்து பேசுவதிலும் எச்சரிக்கை வேண்டும். கவிமணி தேடி எடுத்து உலகத்துக்குச் சொன்ன அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் வரியையும் நிலத்தையும் பாசனத்தையும் பற்றி நாஞ்சில் நாட்டார் கூடிப் பேசி முடிவெடுத்த செய்திகள் உண்டு. அரசனின் வரியை எதிர்த்து நின்ற துணிச்சலும் உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள். வரப்பு வெட்டியவரும் நாற்று நட்டவரும் வெளியே நின்றார்கள். இன்றைய ஊராட்சியில் இடஒதுக்கீட்டால் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் தலைவராகி, மடையை எப்போது திறப்பது என்ற பேச்சில் உட்கார முடியும். 73-ஆவது திருத்தம் செய்த பெரிய காரியம் இதுதான். தனி அலுவலர் வந்து உட்காரும்போது முதலில் பறிபோவதும் இதுதான்.

ஊழல் உள்ளூரிலும் நடக்கும்; ஆனால் அங்கே அது கண்ணுக்குத் தெரியும். மறுகாலை அடைத்தவரின் பெயர் ஊருக்கே தெரியும், ஐந்து ஆண்டில் கணக்குத் தீர்க்கலாம். நான்குவழிச் சாலை காவல்கிணற்றிலிருந்து கேரள எல்லை வரை குளங்களுக்குள் வரைபடம் போட்டபோது அந்த வசதி இருக்கவில்லை. குளத்தை மண் கொட்டி நிரப்புவதை எதிர்த்துப் போராட்டம், வழக்கு, மண் தட்டுப்பாடு என்று வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கோடு போடுவதற்கு முன் அந்தந்தக் கிராம சபையில் கேட்டிருந்தால் எந்தக் குளத்துக்கு எந்தப் பக்கம் மறுகால் என்பதையாவது சொல்லியிருப்பார்கள். சாலை வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போய் வருகிறவர்களுக்கு அது எவ்வளவு தேவை என்பது தெரியும்.

எல்லாவற்றையும் ஊராட்சியிடம் கொடுத்துவிடலாம் என்பதும் இல்லை. பேச்சிப்பாறை ஷட்டரை எத்தனை அங்குலம் தூக்குவது என்பதைக் கை தூக்கி முடிவு செய்ய முடியாது. 48 அடி அணையில் 42 அடியைத் தொட்டதும் வெள்ள எச்சரிக்கை விடுக்கிற கணக்கு பொறியாளருடையது, அவரிடமே இருக்கட்டும். ஆனால் எந்த மட்டத்தில் எவ்வளவு திறப்போம், திறந்தால் திற்பரப்பு, மூவாற்றுமுகம், குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணம் வரை தண்ணீர் எத்தனை மணிக்கு எங்கே எவ்வளவு ஏறும் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே தமிழில் அச்சடித்து ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட முடியும். அதற்கு அரசமைப்புத் திருத்தம் எதுவும் வேண்டாம். குளத்தின் மறுகால், சானல் கரை, பொழி ஆகியவற்றின் முடிவு உள்ளூர் மன்றத்திடமும், 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏற்கனவே இருக்கும் பாசன சங்கங்களிடமும் சேர்ந்து வர வேண்டும். மீன்பாசிக் குத்தகைக்கும் தாமரைக் குத்தகைக்கும் மழைக்காலத்தில் மறுகால் திறந்திருக்க வேண்டும் என்ற ஒரு வரி நிபந்தனை போதும். மீறினால் குத்தகை ரத்து. பழையாறு, வள்ளியாறு, கோதையாறு மூன்றுக்கும் தனித்தனியே ஆற்றுக் குழு வைத்து, ஆற்றின் மேல் ஊரும் கீழ் ஊரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மேலே உடைப்பைத் தடுக்கிறேன் என்று திறந்துவிட்டதைக் கடைவரம்புக்காரர் ராத்திரி கட்டிலுக்கடியில் தண்ணீர் வந்த பிறகு தெரிந்துகொள்வது எந்த ஊர் நியாயம்?

2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுற்றிலும் தண்ணீரோடு நின்றபோது உள்ளே சுமார் 800 பயணிகள். மீட்புப் படையும் ஹெலிகாப்டரும் போய்ச் சேரும்வரை அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது பக்கத்துப் புதுக்குடிக் கிராமம். யாரும் ஆணை பிறப்பிக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு அடுத்த மழைக்கு முன் ஒரு படகும், கொஞ்சம் பணமும், முடிவெடுக்கும் உரிமையும் கொடுக்க எந்தச் சட்டத்தில் என்ன தடை என்று பேரிடர் மேலாண்மை படிக்கிறவர்கள் சொன்னால் நல்லது.

குரியன் ஜோசப் குழு ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் நடுவே உள்ள உறவைப் பார்க்கத்தான் அமைக்கப்பட்டது. மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் நடுவே உள்ள உறவைப் பார்க்க அப்படி ஒரு குழுவை எந்தக் கட்சி அமைத்தாலும் அதற்கு முதல் வேலையாக ஒன்றைக் கொடுக்கலாம்: பதவிக்காலம் முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பு வார்டு எல்லையும் இடஒதுக்கீடும் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் உறைந்துவிட வேண்டும், அதன்மேல் தேர்தல் நடந்தே தீர வேண்டும் என்று மாநிலச் சட்டத்தில் ஒரு திருத்தம். தாமதித்தால் மானியத்தை நிறுத்தி ஊரைத் தண்டிப்பதற்குப் பதில், தனி அலுவலரின் அதிகாரத்தைச் சம்பளம், குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றோடு சுருக்கி, பேரிடர் முடிவுகளைக் கிராம சபையின் அவசரக் கூட்டத்துக்கு மாற்றலாம். சட்டமன்றத்தின் ஒரு நாள் வேலை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் பேரூராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் நாகர்கோவில் மாநகராட்சிக்கும் 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அந்த ஆண்டும் வழக்கம்போல ஜூன் 1 அன்று பேச்சிப்பாறையைக் கன்னிப்பூவுக்குத் திறப்பார்கள், தென்மேற்குப் பருவமழை தொடங்கும். வார்டு வரையறையை இன்னும் முடிக்கவில்லை என்ற அறிவிப்பு அதற்குள் வந்தால், எந்தெந்த ஊரின் மறுகால் அந்த மழையில் யார் கையில் இருக்கும் என்பதை மாவட்ட நிர்வாகம் பெயர் போட்டு வெளியிட வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் கைபேசி எண்ணும் வேண்டும்.